நாற்பத்தொன்றாம் நாற்காலி

டப்ளின்
12 அக்டோபர் 2023

அன்புள்ள ஹக்கீம் அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இருக்கிறேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, இருமல் மட்டும் விட்டுப்போக மாட்டேன் என்கிறது. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மெஹ்ரின் மதினியும் நபீசாவும் நலமா? நபீசா இரண்டாம் வகுப்பு போய்விட்டாளாமே.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். இது ஆய்வு சம்பந்தப்பட்டது. எங்கள் பேராசிரியை எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கிறார். தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் உங்களிடம்தானே வருகிறார்கள். அதே கையால் தங்கைக்கும் எழுதி, படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள்.

நான் மாட்டு டாக்டருக்குப் படிப்பதாகக் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னார்கள். இல்லை அண்ணே. ஒரு துண்டு மாட்டுக்கறியை வாயில் வைப்பதற்கு முன்பே அது மெல்ல எப்படி இருக்கும், சாறு இருக்குமா, ருசிக்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் எங்கள் வேலை. அயர்லாந்து, போலந்து, பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்று பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து செய்கிறோம். மாட்டின் வயது, கறியில் ஓடும் கொழுப்பு, அறுத்த பிறகு எப்படித் தொங்கவிட்டார்கள், எவ்வளவு நேரத்தில் ஆறியது, எல்லாம் கணக்கில் வரும். ஆனால் கணக்கு சரியா என்று சாதாரண ஜனங்கள் சாப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி சுட்டு, ஒரே அளவு துண்டு போட்டு, உப்புகூடப் போடாமல் கொடுப்போம். அவர்கள் ஒரு கோட்டில் குறி வைப்பார்கள். கோட்டின் இடது முனை மோசம், வலது முனை பிரமாதம்.

இதில் நம் பக்கத்து வயதான மாடுகளின் கறி இதுவரை சேரவில்லை. போடியில் அறுபது பேரை உட்கார வைத்துச் செய்யலாம் என்று நான்தான் வாய் விட்டேன். ஜனவரியில் வருகிறேன். நம் கடைக் கறி கொஞ்சம், முந்தல் பாதையில் குத்புதீன் கடைக் கறி கொஞ்சம் வேண்டும். வெட்டுவது, எண் போடுவது, சுடுவது எல்லாம் நான், அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு. ஆட்களை எண் போட்ட நாற்காலியில் உட்கார வைப்பது நீங்கள். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது, எந்த எண் யார் கடைக் கறி என்று உங்களுக்குத் தெரியாது. அதுதான் முறை.

மூன்று வருடமாக நான் இங்கே கிடப்பது இதற்காகத்தான். இது நடந்தால் பட்டம், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கைவிட்டுவிடாதீர்கள். எல்லோருக்கும் என் சலாம்.

உங்கள் தங்கை
அல்ஃபியா


போடி
29 அக்டோபர் 2023

அல்ஃபியாவுக்கு அண்ணன் ஹக்கீம் எழுதுவது.

உன் மீது சாந்தி உண்டாகட்டும். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கிறது, மழைக்குப் பிறகும் வலிக்கிறது. உன் இருமலுக்கு மிளகும் கருப்பட்டியும் போட்டுக் குடி. அந்த ஊரில் மிளகு கிடைக்காவிட்டால் சொல், போடி மெட்டு மலையிலிருந்து வாங்கி அனுப்புகிறேன்.

கறி நன்றாக இருக்குமா என்று சொல்ல இத்தனை நாட்டுக்காரன் கூட வேண்டுமா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. அத்தா உட்கார்ந்த கல்லாவில் நானும் உட்கார்ந்து இத்தனை வருடம் ஆகிறது. ஒரு ஆள் திரும்பி வந்து, பாய், உங்க கறி கடினமாக இருந்தது என்று சொன்னது கிடையாது. இப்போதுகூடச் சிலமலை வெள்ளைத்துரையிடம் ஒரு உழவு மாடு பேசி வைத்திருக்கிறேன். வயது போன மாடு, ஆனால் உழைத்த உடம்பு. உழைத்த உடம்புக்கு ஒரு ருசி உண்டு. அதை உன் கணக்கில் எழுதிக்கொள்.

குத்புதீன் கறி எதற்கு என்றுதான் எனக்கு விளங்கவில்லை. எஸ்டேட் ஜீப்புக்காரர்களுக்கு விற்கிறவன் எல்லாம் கறிக்கடைக்காரனா? மெஹ்ரினின் மாமன் மகன் என்பது உனக்குத் தெரியும். அவளைப் பெண் கேட்டு வந்து வெறுங்கையோடு போனவன் என்பதும் தெரியும். இன்னும் எங்கள் தெருவில் பைக்கில் போனால் ஹாரன் அடிக்காமல் போக மாட்டான். சரி, உனக்காக அவன் முகத்திலும் முழிக்கிறேன்.

கல்யாண மஹால் பேசிவிட்டேன். அறுபது என்ன, அறுநூறு பேர் வருவார்கள், ஓசிக் கறி என்றால் கசக்குமா? உப்பு போடாமல் கொடுப்பது மட்டும் எனக்கு அவமானமாக இருக்கிறது. மெஹ்ரின் உனக்குச் சலாம் சொன்னாள். "எனக்கும் ஒரு நாக்காலி போடுவாளாமா?" என்று கேட்டுச் சொல்லச் சொன்னாள். பொம்பளைகள் பக்கம் கடைசியில் ஒன்று போட்டுவிடலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹக்கீம்


டப்ளின்
9 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாய் விமானத்தில் கசிந்து, என் சட்டைகள் எல்லாம் நார்த்தங்காய் வாசம். அம்மாவுக்கு முழங்கால் தேவலையா? நபீசாவுக்கு அந்தக் காய்ச்சல் விட்டதா?

மஹாலில் நீங்கள் பட்ட பாட்டுக்கு நான் என்ன சொல்வது. அறுபது பேரையும் சத்தம் போடாமல் உட்கார வைத்தது உங்களால்தான் முடியும். ஆனால் அண்ணே, முடிவைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஏறக்குறைய அத்தனை பேரும் எல்லாத் துண்டுக்கும் கோட்டின் வலது முனையில் குறி வைத்திருக்கிறார்கள். ஒருவர் கோட்டையும் தாண்டி, தாளின் ஓரத்தில் வைத்திருக்கிறார். இன்னொருவர் கோட்டுக்கு மேலேயே மாஷா அல்லாஹ் என்று எழுதிவிட்டார். பேராசிரியை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

தப்பு என்னுடையதுதான். மஹாலில் உட்கார வைத்துப் பரிமாறினால் நம் ஆட்களுக்கு அது விருந்து. விருந்தில் கை நனைத்துவிட்டு யாராவது குறை சொல்வார்களா? வேகாத சோற்றைப் போட்டாலும் நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டுத்தானே எழுந்திருப்போம். நான் போடிக்காரி, எனக்கே இது தோன்றவில்லை. போலந்துக்காரன் எப்படி எழுதுவானோ அப்படியே இவர்களும் எழுதுவார்கள் என்று நினைத்துவிட்டேன்.

ஆனால் ஒரே ஒருவர் இருக்கிறார். நாற்பத்தொன்றாம் நாற்காலி. அந்தத் தாளைப் பார்த்ததும் நான் துள்ளிவிட்டேன். நான்காவது துண்டுக்கு இடது முனையிலேயே குறி. கீழே எழுதியிருக்கிறார்: "மென்று மென்று தாடை வலிக்கிறது. துப்ப நினைத்தேன், பக்கத்தில் ஆள் இருந்தார்கள்." ஆறாவது துண்டுக்கு வலது முனை. "இதில் இன்னொன்று கேட்கலாமா?" நான் இங்கே போட்டு வைத்திருந்த கணக்கும் அவர் வைத்த குறியும் ஏழு துண்டுக்கும் அச்சாகப் பொருந்துகின்றன!

யாரென்று எனக்குச் சொல்ல வேண்டாம், சொல்லவும் கூடாது. ஆனால் அவர் யாராக இருந்தாலும் என் சலாமைச் சொல்லுங்கள். அந்த மஹாலில் உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான் என்று சொல்லுங்கள்.

மதினிக்கு என் அன்பு.

அல்ஃபியா


போடி
19 பிப்ரவரி 2024

தங்கை அல்ஃபியாவுக்கு,

சலாம். நீ சுகமாகச் சேர்ந்ததில் அம்மாவுக்கு நிம்மதி. நபீசாவுக்குக் காய்ச்சல் விட்டு, இப்போது வாய் ஓயவில்லை. மெட்டில் பனி இன்னும் விலகவில்லை, ஜீப்புக்காரர்கள் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் இறங்குகிறார்கள்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. மாஷா அல்லாஹ் எழுதியது யார் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். நாற்பத்தொன்றாம் நாற்காலிக்கு உன் சலாமைச் சொல்லிவிட்டேன். சொன்னதோடு விடவில்லை, கடிதத்தையே ஒரு எழுத்து விடாமல் வாசித்துக் காட்டினேன். ரொம்ப சந்தோஷம் அவர்களுக்கு.

சும்மா ஒரு ஆசைக்குக் கேட்கிறேன். அந்த நாலாவது துண்டு யார் கடைக் கறி? ஆறாவது யாருடையது? என்னுடையது மோசம் என்றாலும் மறைக்காமல் சொல். தெரிந்தால்தானே கடைக்காரன் திருத்திக்கொள்ள முடியும். உனக்கு இவ்வளவு செய்த அண்ணனுக்கு இது ஒரு பெரிய விஷயமா? வெரசாப் பதில் எழுது.

உடம்பு பத்திரம்.

ஹக்கீம்


டப்ளின்
21 பிப்ரவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நலம்தானே எல்லோரும்? நான் நலம். அவசரமாக எழுதுகிறேன், ஆய்வுக்கூடத்துக்கு ஓட வேண்டும்.

நியாயமாகப் பார்த்தால் சொல்லக்கூடாது. ஆனால் சுவைத்து முடித்தாயிற்று, இனி யார் கெட்டுப்போகப் போகிறார்கள்? கோபப்படக்கூடாது, சரியா? நாலாவது உங்களுடையது. ஆறாவது குத்புதீனுடையது. வெள்ளைத்துரையின் மாட்டை இன்னும் இரண்டு போகம் உழவே விட்டிருக்கலாம் அண்ணே! குத்புதீன் இளம் மாடாகப் பார்த்து வாங்குகிறார், அறுத்த கறியைக் குளிர்பெட்டியில் ஒரு ராத்திரி தொங்கவிட்டுத்தான் விற்கிறார். நீங்கள் சூடு ஆறுவதற்குள் வெட்டிவிடுகிறீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான். நீங்களும் அப்படிச் செய்து பாருங்கள்.

அம்மாவுக்கும் மதினிக்கும் நபீசாவுக்கும் சலாம்.

அல்ஃபியா


டப்ளின்
30 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எப்படிப் போகிறது? இங்கே குளிரில் பசி தெரியவில்லை, இருமல்தான் தெரிகிறது. அம்மா நோன்பு வைக்கிறார்களா, மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்களா?

என் கடைசிக் கடிதத்துக்கு நீங்கள் பதிலே எழுதவில்லை. கறியைக் குறை சொன்னதில் கோபமா? விளையாட்டாக எழுதியது அண்ணே.

எனக்கு ஒரு நல்ல செய்தி. அந்த நாற்பத்தொன்றாம் தாளை வைத்தே ஒரு அத்தியாயம் எழுதலாம் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். விருந்தோம்பல் உள்ள ஊர்களில் சுவைப் பரிசோதனையை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு அதுதான் அடிப்படை. அந்த ஒரு தாள் இல்லையென்றால் போடி முழுவதும் குப்பைக் கூடைக்குத்தான் என்றும் சொன்னார். செப்டம்பரில் எல்லா நாட்டுக்காரர்களும் கூடும் கூட்டத்தில் நான் பேசப் போகிறேன்.

மதினிக்கு இரண்டு முறை போன் போட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. நம்பரை மாற்றிவிட்டார்களா? பேசச் சொல்லுங்கள். பெருநாளைக்கு நபீசாவுக்கு ஒரு கவுன் அனுப்பியிருக்கிறேன்.

அல்ஃபியா


போடி
14 ஏப்ரல் 2024

அல்ஃபியாவுக்கு,

சலாம். பெருநாள் நல்லபடியாகப் போனது. வீட்டில் எல்லோரும் நலம். நீயும் நலம் என்று எண்ணுகிறேன்.

பெருநாள் கறி காலையிலேயே தீர்ந்துவிட்டது. வெயில் இந்த வருடம் மண்டையைப் பிளக்கிறது. மழை இல்லாமல் ஏலச்செடி எல்லாம் கருகுகிறது என்று தோட்டக்காரர்கள் புலம்புகிறார்கள். பொட்டிபுரம் பக்கம் இரண்டு கிணறு வற்றிவிட்டது. அம்மாதான் இப்போது அடுப்படி பார்க்கிறார்கள், முழங்காலோடு. நபீசாவுக்குத் தலை பின்னிவிடுவதும் அம்மாதான். நீ அனுப்பிய கவுன் கொஞ்சம் பெரிது, அடுத்த வருடத்துக்கு ஆகும்.

உன் கூட்டம் நல்லபடியாக நடக்க துஆ செய்கிறோம். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

ஹக்கீம்


முந்தல்
5 மே 2024

அன்புள்ள அல்ஃபியா,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் இருமல் நின்றதா? நான் உயிரோடு இருக்கிறேன். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. என் போனை உன் அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டார். என்னோடு தோட்ட வேலைக்கு வரும் ஜோதியின் போனில் இதைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

நாற்பத்தொன்றாம் நாற்காலியில் உட்கார்ந்தது நான்தான்.

நீ ஊருக்குத் திரும்பிப் போய் எழுதிய முதல் கடிதத்தை அவர் சாப்பிட உட்கார்ந்தபோது வாசித்துக் காட்டினார். உண்மை பேசிய ஒரே ஆள் என்று நீ எழுதியிருந்ததைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நாந்தேங்க அது! நாந்தேன்!" என்று கரண்டியும் கையுமாக நின்று சொன்னேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் எனக்கு ஒன்று பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை அல்ஃபியா. நீதான் கேட்டாய். "உங்களுக்கு என்ன தோணுதோ அதை மட்டும் போடுங்க, யாருக்காகவும் போடாதீங்க" என்று மைக்கில் சொன்னாய். நம்பிப் போட்டேன். அவர் சிரித்தார். "அப்பிடியா புள்ள" என்றார். அதோடு விட்டுவிட்டார். பிறகு உன் அடுத்த கடிதம் வந்தது.

அன்றைக்குக் கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்தார். "எவன் கறின்னு தெரிஞ்சுதான போட்ட?" என்று கேட்டார்.

"எனக்கு எப்பிடிங்க தெரியும், வெறும் நம்பர்தான இருந்துச்சு" என்றேன்.

"நம்பரு கண்ணுக்குத்தான்டீ. ஒன் நாக்குக்கு ஒன் மாமன் மகன் வீட்டுக் கறி தெரியாதா?"

மாமி அடுப்படி வாசலில் நின்று, "எம்மவன் கறி தொண்டையில எறங்காதவ எம்மவன் வீட்டுல என்னத்துக்கு இருக்கா?" என்றார்கள். உன் அண்ணன் கடையிலிருந்து கழுத்துக் கறி கொண்டுவந்திருந்தார். அதை உப்பில்லாமல் வேகவைக்கச் சொன்னார். நபீசாவைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு என்னைச் சாப்பிடச் சொன்னார். ஒவ்வொரு வாய்க்கும் நல்லாருக்கு என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்னேன். சட்டி காலியாகும் வரை சொன்னேன். நான் வாந்தி எடுத்ததை நபீசாவைத் துடைக்க வைத்தார். மறுநாள் காலையில் ஆட்டோவில் ஏற்றி என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பிள்ளையைக் கொடுக்கவில்லை. என் அம்மா வீடும் குத்புதீன் கடையும் ஒரே பாதையில் இருக்கிறது, பார்த்தீர்களா, நேரே அங்கேதான் போயிருக்கிறாள் என்று இப்போது ஊரெல்லாம் சொல்கிறார். குத்புதீனோடு நான் பேசிப் பல வருடமாகிறது.

குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் களை எடுக்கப் போகிறேன். வேலை எனக்குக் கஷ்டமில்லை. பிள்ளையைப் பார்க்காமல் இருப்பதுதான் முடியவில்லை. பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன், என்னைப் பார்த்ததும் ஓடிவந்தவளை மாமி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பக்ரீத் கழித்து உட்கார்ந்து பேசப் போகிறார்கள். எந்த எண் யார் கறி என்று எனக்குத் தெரிந்திருக்க முடியாது என்று நீ ஒரு கடிதம் எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். அது அல்ஃபியாவுக்கு மட்டும்தான் தெரியும், அவள் எழுதட்டும், நாங்களே கூட்டிப்போய் வீட்டில் விடுகிறோம் என்கிறார்கள். நான்கு வரி எழுது, அல்ஃபியா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். என் பிள்ளையிடம் போக வேண்டும்.

உன்னை அல்லாஹ் நன்றாக வைத்திருக்கட்டும்.

மெஹ்ரின்


டப்ளின்
4 ஜூன் 2024

அன்புள்ள மதினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? வெயிலில் வேலை செய்கிறீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். எனக்கு இருமல் தேவலை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னியுங்கள், எழுதி எழுதிக் கிழித்தேன். அண்ணன் இப்படிச் செய்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மதினி, நீங்கள் நான்கு வரிதான் கேட்கிறீர்கள். அந்த நான்கு வரியை எழுதினால், உங்கள் குறிகள் அண்ணனுக்கு எப்படித் தெரிந்தன என்று அடுத்த கேள்வி வரும். யாருடைய மதிப்பெண்ணையும் வெளியே சொல்ல மாட்டோம் என்று அன்றைக்கு மஹாலில் நான் வாசித்தேனே, அந்த உறுதிமொழி எங்களுக்குச் சட்டம் மாதிரி. அதை மீறியது பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்தால் என்னை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். மூன்று வருட உழைப்பு மண்ணாகிவிடும். என் கையெழுத்தோடு ஒரு தாள் ஊரில் சுற்றினால் அது எங்கே போய்ச் சேரும் என்று யார் கண்டது?

செப்டம்பர் கூட்டம் முடியட்டும். பட்டம் கைக்கு வந்ததும் நானே நேரில் வந்து பேசுகிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கும் பக்குவமாக எழுதியிருக்கிறேன். அவர் கோபம் அடுப்பில் வைத்த பால் மாதிரி, பொங்கித் தணிந்துவிடும். துஆ செய்கிறேன்.

உங்கள்
அல்ஃபியா


போடி
30 ஜூன் 2024

என் தங்கை அல்ஃபியாவுக்கு,

சலாம். நீ சுகம்தானே? இங்கே பக்ரீத் சிறப்பாக முடிந்தது. சாரல் தொடங்கிவிட்டது, அம்மாவின் முழங்கால் மறுபடியும் பாட்டுப் பாடுகிறது.

உனக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும், அதற்காகவே எழுதுகிறேன். போன வாரம் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். அல்ஃபியாவின் எழுத்து ஏதாவது வந்ததா என்று மெஹ்ரினின் அம்மாவைக் கேட்டார்கள். எடுத்துக் காட்ட அதனிடம் ஒரு தாளும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்கள். "ஒங்கிட்டயாவது ஒன் தங்கச்சி என்னமும் கேட்டுச்சா அப்பு?" "ஒரு வார்த்தை கேக்கல" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன். இதைப் பற்றி நீ எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லையே. "படிச்ச புள்ள, அதுவே பேசலைன்னா வேற என்ன அர்த்தம்?" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் துண்டை உதறி எழுந்துவிட்டார். சொந்தம் என்றால் நீதான் சொந்தம்.

அடுத்த மாதம் எனக்கு நிக்காஹ் வைத்திருக்கிறார்கள். கம்பத்தில் பெண், அடக்கமான இடம். நபீசா முதலில் அழுதாள், இப்போது அழுவதில்லை. புதிதாக வருகிறவளை அம்மா என்று கூப்பிட அம்மா பழக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. நீ சொன்னபடி கடையில் குளிர்பெட்டி வைத்து, கறியை ஒரு ராத்திரி தொங்கவிட்டுத்தான் விற்கிறேன். இளம் மாடாகவும் பார்த்து எடுக்கிறேன். பஞ்சாக வேகிறது. முந்தல் கடைக்குப் போய்க்கொண்டிருந்த எஸ்டேட் ஜீப்பு இரண்டு இப்போது நம் கடை வாசலில்தான் நிற்கிறது. நாற்பத்தொன்றாம் நாற்காலி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது!

உன் கூட்டத்துக்கு வாழ்த்து.

ஹக்கீம்


முந்தல்
18 ஆகஸ்ட் 2024

அல்ஃபியாவுக்கு மெஹ்ரின் எழுதுவது.

சலாம். நீங்கள் நலமாக இருப்பீர்கள். எனக்கு என்ன, நலம்தான். காய் எடுக்கிற காலம், தோட்டத்தில் வேலை நிறைய.

உங்கள் அண்ணன் நிக்காஹ் முடிந்துவிட்டது. நீங்கள் அவருக்கு எழுதவே இல்லை என்பது பெரியவர்கள் முன்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு எழுத முடியாது என்று சொன்னீர்கள், அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். எழுதியிருக்கிறேன் என்று எதற்குச் சொன்னீர்கள்? அதை நம்பி நானும் என் அம்மாவும் ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

போன வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் நபீசாவைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். நான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்துவிட்டு, கூப்பிட்டது யார் என்று தெரியாத மாதிரி நடந்தாள். பயமா, மறதியா, எனக்கு விளங்கவில்லை. இரண்டில் எது என்றாலும் அது எனக்கு நடந்துவிட்டது.

இனி வீட்டுக்குப் போவதைப் பற்றி உங்களிடம் கேட்க மாட்டேன். வேறு ஒன்று கேட்கிறேன். நீங்கள் அன்றைக்கு மஹாலில் வாசித்த அந்த உறுதிமொழியில் இன்னொரு வரியும் இருந்தது. சாப்பிட்டுக் குறி வைத்தவர் எப்போது வேண்டுமானாலும் தன் குறிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், காரணம் கேட்க மாட்டோம் என்று வாசித்தீர்கள். நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஏழு துண்டுக்கும் நான் வைத்த குறியை அழித்துவிடுங்கள். கீழே எழுதியதையும் அழித்துவிடுங்கள். அதை நாலு நாட்டுக்காரர்கள் முன்னால் வைத்து நீங்கள் பேசுவதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. உங்களை நம்பித்தான் உண்மையைச் சொன்னேன். அதை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.

மெஹ்ரின்
நாற்காலி எண் 41


டப்ளின்
2 செப்டம்பர் 2024

மதிப்புக்குரிய பங்கேற்பாளருக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தினரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

மாட்டிறைச்சியின் உண்ணும் தரத்தை முன்கணிக்கும் எங்கள் பன்னாட்டு ஆய்வில், தங்கள் மதிப்பெண்களை நீக்கக் கோரி எழுதிய கடிதம் கிடைத்தது. பங்கேற்பாளரின் விருப்பத்தை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம்.

ஆயினும், பங்கேற்பாளர்களின் நலன் கருதி, அவர்களின் பெயர்கள் எதுவும் எங்களால் சேகரிக்கப்படவில்லை. எங்களிடம் இருப்பவை நாற்காலி எண்கள் மட்டுமே. எந்த நாற்காலியில் யார் அமர்ந்தார் என்ற விவரம் எந்தக் கட்டத்திலும் எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. எனவே தாங்கள் குறிப்பிடும் எண் தங்களுடையதுதான் என்று உறுதி செய்ய எங்களிடம் வழி இல்லை. வேறொருவரின் மதிப்பெண்ணைத் தவறுதலாக நீக்கிவிட நேரும் என்பதால், தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்.

தங்கள் நேர்மையான ஒத்துழைப்புக்கு எங்கள் குழுவின் சார்பில் நன்றி. இந்தக் கடிதத்துக்குத் தாங்கள் பதில் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
அல்ஃபியா
ஆய்வுக் குழுவுக்காக